கொழும்பில் திறமூல மென்பொருள்

இலங்கையின் திறமூல முயற்சிகளுக்கு நிறுவன வடிவம் தந்தது லங்கா மென்பொருள் அறக்கட்டளை. சஞ்சீவ வீரவரண முன்னின்று 2003இல் கொழும்பில் அதைத் தொடங்கினார். உள்ளூர் நிரலாளர்கள் பிறர் எழுதியதைப் பயன்படுத்துவதோடு நில்லாமல், உலகத் திட்டங்களுக்கு மூலநிரல் எழுதவேண்டும் என்பது அதன் நோக்கம். இணையச் சேவை மென்பொருளான அப்பாச்சி ஆக்சிஸ்2 அவ்வாறு உருவானவற்றுள் ஒன்று.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை இந்த நிரலாளர்களின் ஆற்றலைச் சோதித்தது. காணாமற்போனோர் விபரம், முகாம்களின் நிலை, வந்துசேரும் உதவி ஆகியவற்றை ஒரே இடத்தில் பதிய, தன்னார்வ நிரலாளர்கள் சில நாட்களில் ‘சகானா’ என்ற மென்பொருளை எழுதினர். மூலநிரல் திறந்திருந்ததால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுச் சமூகநலத் திட்ட விருதும் அதற்கே. இலங்கைக் கணினி வரலாற்றில் இதைவிடப் பெருமைக்குரிய பக்கம் அரிது.

அதே திறமூல வழியில், 2008 ஒக்டோபரில் கூகுளின் அண்ட்ரொயிட் இயங்குதள மூலநிரல் வெளியானதும் கைத்தொலைபேசியின் உள்ளகமும் திறந்தது. அதன் கரு லினக்ஸே. கொழும்பின் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இன்று அண்ட்ரொயிட் மூலநிரலில் வேலை தொடங்கும் ஒருவர் முதலில் உபுண்டு லினக்ஸை நிறுவி, முனையக் கட்டளைகளைப் பழகி, கிட், ரெப்போ கருவிகளால் மூலநிரலை இறக்கித் தொகுக்கவேண்டும். பொறுமைதான் முதல் தேவை: கூகுளின் வழிகாட்டி 400 ஜிபி வட்டிடமும் 64 ஜிபி நினைவகமும் கேட்கிறது. விண்டோஸ் கணினிகளில் தொகுப்பதற்கு ஆதரவில்லை; 2021 ஜூன் 22 முதல் மேக் கணினிகளிலும் இல்லை. எனவே லினக்ஸ் கட்டாயம்.