தேத்தண்ணீரில் ஒரு தகர ஒற்று

தேயிலை என்னும் சொல்லைத் ‘தேய்’ என்ற வினையடியாகப் பிரித்து, உருட்டித் தேய்க்கப்படும் இலை என்று பொருள் கூறும் ஓர் அபிப்பிராயம் நம்மவரிடையே உலவிவருகிறது. வாட்டிய கொழுந்தைப் பொறியிலிட்டுத் திருகிப் பிழியும் ஆலைக் கிரியையோடு அது பொருந்துவதாலும், அந்நியச் சொல்லென்று எண்ணப்பட்ட ஒன்று நம் வீட்டுச் சொல்லாகவே முடிவதில் உண்டாகும் இயல்பான மகிழ்ச்சியாலும், அது அதிகப் பரிசோதனையின்றியே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது. ஆயின், பதுளையிலும் அதனைச் சூழ்ந்த பசறை, ஹாலி-எல, நமுனுகுலைத் தோட்டங்களிலும் நாள்தோறும் வழங்கும் வேறொரு சொல்லை அதன் அருகில் வைத்து நோக்குமிடத்து, அப்பிரிப்பு நில்லாது என்பதே என் துணிபு. அச்சொல் தேத்தண்ணீர்.

தேயிலை என்னும் சொல் ஒன்றைக்கொண்டே இவ்வழக்கைத் தீர்க்க இயலாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். தேய் என்பது நெட்டெழுத்தை உடையதாதலின், அதன் ஈற்று யகரம் இரட்டாமல், வருமொழி இகரம் அதன்மேல் ஏறித் தேயிலை என்றாகும். தே என்பதையே நிலைமொழியாகக் கொண்டாலும், ஏகாரத்தின்முன் யகரமும் வகரமும் உடம்படுமெய்யாக வரலாம் என்னும் நன்னூல் விதிப்படி, அதே தேயிலைதான் கிடைக்கும். இலையிடம் கேட்டு விடை பெற முடியாதபோது நீரிடம் கேட்பதே முறை.

விடியற்காலையில் தோட்டத் தொழிலாளர் பிரட்டுக்களத்துக்குப் புறப்படுமுன் லயத்துக் காம்பராவில் அமர்ந்து, உள்ளங்கையில் சிறிது சீனியை வைத்து நக்கிக்கொண்டு குடிப்பதும், போத்தலில் ஊற்றி மலைக்கு எடுத்துச் செல்வதும் தேத்தண்ணியே. மலையில் அவர்கள் எடுப்பது கொழுந்து. கூடையிலிருந்து சாக்குக்கு மாறித் தராசில் ஏறுவதும் கொழுந்து. ஆலையை விட்டு வெளிவருவது தூள். உருட்டப்படுவதனாலேயே தேயிலை எனப் பெயர் பெற்றதாகச் சொல்லப்படும் அப்பொருள், உருட்டப்படுவதற்கு முன்னும் பின்னும் அதனைக் கையாள்வோர் வாயில் வேறு பெயர்களாலேயே பெரும்பான்மையும் சுட்டப்படுவது சிந்தனைக்குரியது. எனினும் இதனை நான் நிரூபணமாகக் கொள்ளவில்லை. நிரூபணம் தேத்தண்ணீரின் நடுவே நிற்கும் தகர ஒற்றில் இருக்கிறது.

தேய் என்னும் வினையடி வினைத்தொகையாய் நின்று வல்லெழுத்தோடு புணருங்கால் ஒற்று மிகாது. இதற்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டியதில்லை. அவ்வினையடியே தேய்பிறை என்று மிகாமல் நிற்பதை யாவரும் அறிவர். ஆகவே தேய் என்பது தண்ணீரோடு சேர்ந்தால் தேய்தண்ணீர் என்றே ஆக வேண்டும். யகரம் கெடுவதற்கும் தகரம் மிகுவதற்கும் காரணமே இல்லை. மாறாக, ஓரெழுத்துப் பெயர்ச்சொல்லாகிய தீ தீப்பெட்டி என்றும், பூ பூக்கூடை என்றும் ஒற்று மிகுந்து வருவதுபோலத் தே என்னும் பெயர் தேத்தண்ணீர் என்று வருவது முற்றிலும் இயல்பே. தேக்கரண்டி என்பதும் இவ்வாறே அமைந்தது. அதனைத் தேய்ந்த கரண்டி என்று கொள்வார் எவரும் இரார் என நம்புகிறேன்.

இனி, தேய்த்த தண்ணீர் என்பதே பேச்சில் குறுகித் தேத்தண்ணீர் ஆயிற்று என ஓர் ஆக்ஷேபம் எழுப்பப்படலாம். இது பேச்சுத் தமிழின் ஒலிநெறியை மறந்த கூற்று. யகரத்தையும் ஐகாரத்தையும் அடுத்து வரும் இரட்டைத் தகரம் நம் பேச்சில் சகரமாகத் திரியும்: காய்த்த என்பது காச்ச, வைத்த என்பது வச்ச. அவ்வாறே தேய்த்த என்பது தேச்ச என்று ஆகும். சட்டி தேச்சுக் கழுவும் அதே வாய் தேத்தண்ணி என்று தகரம் திரியாமல் சொல்லுமானால், அங்கே யகரம் ஒருகாலத்தும் இருந்ததில்லை என்பதே பொருள்.

சிங்கள வழக்கு இதற்கு அரண் செய்கிறது. பதுளைக் கடைவீதியில் இலையைத் தே கொள என்றும், பானத்தைத் தே வத்துர என்றும், அது விற்கும் இடத்தைத் தே கடே என்றும் சிங்களர் கூறக் கேட்கலாம். கொள என்பது இலை, வத்துர என்பது நீர். எனவே நம்முடைய தேயிலைக்கும் தேத்தண்ணீருக்கும் இவை உறுப்புக்கு உறுப்பு நேர். கடே மட்டும் நம் கடையே. எந்தப் பாஷை எதனைப் பார்த்து அமைத்தது என்று நான் துணிந்து கூறமாட்டேன். ஆயினும் அமைத்தவர்கள் இரு பாஷையிலும் தே என்பதைத் தனிப் பெயராகவே உணர்ந்தனர் என்பதில் ஐயமில்லை.

அவ்வாறாயின் அப்பெயர் எங்கிருந்து வந்தது? சீனத்தின் அமோய்த் துறைமுகத்தார் பேசும் ஹொக்கியன் வழக்கில் இச்செடிக்குத் தே என்று பெயர்; மலாயிலும் தே; ஒல்லாந்தரிடத்தும் தே. ஆங்கிலேயரிடமிருந்தே நாம் இதனைப் பெற்றோம் என்போர் ஓர் எழுத்தைக் கவனிக்கவில்லை. ஆங்கிலத்தின் ‘t’ ஒலி நம் வாயில் டகரமாகும்: டிக்கட், டவுன், டீ. ஒல்லாந்தர் வழிவந்த இலங்கைத் தமிழ்ச் சொற்களிலோ அது தகரமாகவே நிற்கும்: கந்தோர், நொத்தாரிசு, அப்புக்காத்து. பதினெட்டாம் நூற்றாண்டு வரையில் ஆங்கிலேயரும் இச்சொல்லை ஏகாரத்தோடு ஒலித்ததுண்டு என்பது உண்மையே. அதனால் உயிரெழுத்துக்குச் சமாதானம் கிடைக்குமேயன்றி மெய்யெழுத்துக்குக் கிடைக்காது, அவர்களிடமிருந்து வந்திருப்பின் டேயிலை என்றன்றோ இருந்திருக்கும்! ஒல்லாந்தர் வாயிலிருந்து வந்ததா, அவர்களோடு இலங்கைக்கு வந்த மலாயர் வாயிலிருந்து வந்ததா என்பதை மட்டும் இவ்வொலிச் சான்று கொண்டு பிரித்தறிய இயலாது.

ஒல்லாந்தர் பதுளை அடங்கிய ஊவாவை ஒருநாளும் ஆண்டதில்லையே என்று கேட்கலாம். ஆண்டிருக்க வேண்டிய அவசியமில்லை. 1658 முதல் 1796 வரை இலங்கைக் கரையோரம் அவர்கள் கையில் இருந்தது. அக்காலத்தின் பெரும்பகுதியில் எதிர்க்கரையிலே நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் அவர்கள் வசமே இருந்தன. பேராதனைப் பூங்காவில் தேயிலைச் செடி நடப்பட்டது 1824இல். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் அதனைத் தோட்டப்பயிராக்கியது 1867இல். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்த பின்னரே ஊவா மலைகள் தேயிலைக்கு மாறின. லிப்டன் தம்பேதென்னைத் தோட்டத்தை வாங்கியது 1890இல். ஆகவே அனுமானம் இதுவே: செடி மலையேறுவதற்கு வெகுகாலம் முன்பே, பெயர் இரு கரைகளிலும் பழகியிருந்தது; தோட்டத்துக்கு வந்தவர்கள் அதனைக் கொண்டே வந்தனர்.

இனி ஒரு விஷயம் எஞ்சுகிறது. சிங்களர் தே பொனவா என்று அப்பெயரைத் தனித்து வழங்க, தமிழர் மட்டும் தே குடி என்று சொல்வதில்லை. இலையோ தண்ணீரோ நீரோ ஊன்றுகோலாக வேண்டியிருக்கிறது. இதற்குக் காரணம் அவ்விடம் நம் பாஷையில் முன்பே நிறைந்திருந்தமையே என்பது என் கருத்து. நன்னூலார் எண்ணும் நாற்பத்திரண்டு ஓரெழுத்துச் சொற்களுள் தே ஒன்று. அதன் பொருள் தெய்வம். பாஷைதோறும் இவ்வொலிக்கு ஒரு குடியுரிமை இருக்கவே செய்கிறது: தெலுங்கருக்குத் தே என்றால் கொண்டுவா, பதுளை முதியங்கன விகாரையில் ஓதப்படும் பாளியில் தே என்பது ‘அவர்கள்’, சில இடங்களில் ‘உனக்கு’. ஆயின் தமிழில் டகரத்தை முதலாகவுடைய பழஞ்சொல் எதுவும் இன்மையால், பின்வந்த டீ போட்டியாளர் எவருமின்றி, டீ குடி எனத் தனித்தே உட்கார்ந்துகொண்டது. போர்த்துக்கேயர் 1505 முதல் இக்கரைகளில் திரிந்தும் அவர்களுடைய சா என்னும் பெயர் நம்மிடம் தங்காமைக்கும் இதுவே காரணமாகலாம். சா என்றால் நமக்கு மரணம். மலையாளத்தாரும் பானத்தைச் சாய என்று ஓர் அசை கூட்டியே வழங்குகின்றனர். இலையோ அவர்களுக்கும் தேயிலதான்.

கடைப் பலகைகளில் தேநீர் என்பது தேனீர் என்று எழுதப்படுவதைப் புலவர்கள் கண்டிப்பதுண்டு. தேனும் நீரும் புணர்ந்தால்தான் தேனீர் வரும். ஆதலால் அக்கண்டனம் நியாயமே. ஆயினும் தனித்து நிற்க மாட்டாத அச்சிறு ஒலிக்குப் பழந்தமிழிலிருந்து ஓர் இனிய துணையைத் தேடித்தந்த அக்கடைக்காரர், பிழைபட்டவராயினும், முன்மொழி ஒரு பெயர்ச்சொல் என்ற அளவில், தேய் என்று பிரிப்போரைக் காட்டிலும் உண்மைக்கு அருகில் நிற்கிறார்.