வானம் பொய்த்த பின் அரசின் கடமை: ஒடிசா, 1866

1865ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒடிசாவில் மழை நின்றுபோனது. குளிர்காலத்தில் அறுவடையாக வேண்டிய நெல் வயலிலேயே கருகியது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் கட்டக், பூரி, பாலசோர் மாவட்டங்களில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் அதைத் தொடர்ந்த நோய்களாலும் மாண்டனர். அது அம்மாவட்டங்களின் மக்கள்தொகையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. பூரி அரசரின் ஒன்பதாம் ‘அங்க’ ஆண்டில் நிகழ்ந்ததால் ஒடியா மக்கள் இதனை இன்றும் ‘நஅங்க’ பஞ்சம் என்றே நினைவுகூர்கின்றனர்.

மழை பொய்த்ததற்கு எவரும் பொறுப்பல்லர். ஆயினும், மழை நின்ற செப்டம்பருக்கும் மக்கள் திரள்திரளாக மடிந்த கோடைக்கும் இடையே பல மாதங்கள் இருந்தன. அந்த மாதங்களில் அரசு என்ன செய்தது, எதைச் செய்ய மறுத்தது என்பதே இப்பஞ்சத்தின் வரலாறு.

அன்று ஒடிசா, வங்காள அரசின் ஆளுகையில் இருந்த ஒரு கோட்டம். அதன் ஆணையர் ரேவன்ஷா, வணிகர்களிடமும் ஜமீன்தார்களிடமும் போதிய நெல் இருப்பதாக முதலில் நம்பினார். 1866 ஜனவரி இறுதியில் பூரியின் நிலையை அறிந்ததும், அரிசி தருவிக்க அனுமதி வேண்டிக் கல்கத்தாவுக்குத் தந்தி அனுப்பினார். வருவாய் வாரியம் மறுத்தது. விலை ஏறினால் அரிசி தானே வந்து சேரும், அரசு தலையிடுவது தீங்கே பயக்கும் என்பது அதன் நிலைப்பாடு. பிப்ரவரியில் ஒடிசா வந்த லெப்டினன்ட் கவர்னர் சிசில் பீடனும் விலையில் தலையிட இயலாது என்றே கூறிச் சென்றார்.

இக்கொள்கையின் பிழை எளியது. சந்தை பசியைப் பார்ப்பதில்லை, பணப்பையைப் பார்க்கிறது. அறுவடை இல்லாததால் விவசாயக் கூலிகளுக்கு வேலை இல்லை. நெசவாளரிடம் துணி வாங்க ஆளில்லை. அரசு உப்புத் தயாரிப்பைச் சில ஆண்டுகளுக்கு முன் கைவிட்டதால், கடலோர உப்புத் தொழிலாளரும் முன்பே பிழைப்பிழந்திருந்தனர். வாங்கும் வலிமையற்ற ஊருக்கு எந்த வணிகனும் அரிசி கொண்டு செல்வதில்லை. ஒடிசாவோ அரிசியை ஏற்றுமதி செய்து பழகிய நிலம். இறக்குமதி செய்யும் வணிகர்கள் அங்கு இல்லை. நல்ல சாலைகளும் இல்லை.

மே இறுதியில்தான் இறக்குமதிக்கு அனுமதி கிடைத்தது. அதற்குள் தென்மேற்குப் பருவக் காற்று தொடங்கிவிட்டது. கொந்தளித்த கடலில் கப்பல்களிலிருந்து மூட்டைகளை இறக்குவதே அரிதாயிற்று. வறட்சியைத் தாண்டியவர்களை அவ்வாண்டின் வெள்ளம் வாட்டியது.

இழப்பு எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. களஞ்சியம் உடையோர் பிழைத்தனர். அன்றாடக் கூலியை நம்பியோர் அழிந்தனர். பிழைத்த ஏழைகளுக்கும் மற்றொரு தண்டனை காத்திருந்தது. நிவாரணச் சத்திரங்களில் பொதுவில் சமைத்த உணவை உண்டவர்கள் ‘சத்ரகியா’ எனச் சாதியிலிருந்து விலக்கப்பட்டனர். உயிரைக் காத்த சோறே அவர்களுக்கு இழிவாக மாற்றப்பட்டது.

ஜார்ஜ் காம்பெல் தலைமையிலான விசாரணைக் குழு பின்னர் அதிகாரிகளின் தவறுகளைப் பதிவு செய்தது. லண்டனில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த சாலிஸ்பரி பிரபு, தாம் இரண்டு மாதம் வாளாவிருந்ததை எண்ணிப் பின்னாளில் வருந்தினார். வருத்தம் கொள்கையானதும் உண்டு. 1873–74இல் பீகாரில் பஞ்சம் தலைகாட்டியபோது, ரிச்சர்ட் டெம்பிள் பர்மாவிலிருந்து பெருமளவில் அரிசி தருவித்தார். பட்டினிச் சாவுகள் மிகக் குறைவாகவே நேர்ந்தன. ஆனால் செலவு மிகுதி என்று அவர் கண்டிக்கப்பட்டார். அதே டெம்பிள் 1877இல் சென்னை மாகாணத்தில் நிவாரணத் தொழிலாளரின் நாள் கூலியை ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். உயிர்களைக் காத்ததற்குக் கண்டனமும் காசைக் காத்ததற்குப் பாராட்டும் கிடைக்கும் ஆட்சியில் பாடங்கள் நிலைப்பதில்லை.

1880களில் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. எனினும் அவை அதிகாரிகளுக்கான வழிகாட்டிகளே. குடிமக்களின் உரிமைகள் அல்ல. 1943இல் வங்காளத்தில் பல இலட்சம் பேர் மடிந்தபோதும் அத்தொகுப்பின்படி பஞ்சம் அறிவிக்கப்படவே இல்லை.

கேட்டுப் பெறும் உரிமையாக உணவு மாறியதற்கு 2001இல் உச்ச நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கும், 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமும் துணை நின்றன. ஒடிசாவே மற்றொரு சான்றையும் தருகிறது. 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கு ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். அதன் பின் மாநில அரசு பேரிடர் ஆணையம் அமைத்தது. கடலோரமெங்கும் புயல் காப்பிடங்கள் எழுந்தன. 2013இல் பைலின் புயலுக்கு முன் சுமார் பத்து இலட்சம் பேர் பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளோடு நின்றது. புயலின் வேகத்தை எவரும் குறைக்கவில்லை. அரசின் ஆயத்தமே மாறியிருந்தது.

எஞ்சியிருக்கும் கேள்வி, உயிர் தப்பியவரின் வாழ்வைப் பற்றியது. பயிர் அழிந்தால் நிவாரணம் பட்டாதாரருக்குச் செல்கிறது. வாய்மொழிக் குத்தகையில் உழுதவரிடம் காட்டுவதற்கு ஆவணமில்லை. வாடகைக் குடிசையில் இருந்தவருக்கும் இதே நிலைதான். 1866இல் கையில் பணமில்லாதவரை அரசு காணவில்லை. இன்று கையில் காகிதமில்லாதவரைக் காண அது கற்றாக வேண்டும்.