சில ஏக்கர் பனி: ஒரு பலகை விளையாட்டும் அதன் போரும்

எ ஃபியூ ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்னோ (பொருள்: சில ஏக்கர் பனி) என்பது இருவர் ஆடும் பலகைப் போர் விளையாட்டு ஆகும். மார்ட்டின் வாலஸ் வடிவமைத்த இதை அவருடைய ட்ரீஃப்ராக் கேம்ஸ் நிறுவனம் 2011ஆம் ஆண்டு வெளியிட்டது. வட அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி யாருக்கு என்பதற்காக பிரித்தானியாவும் பிரான்சும் நடத்திய நீண்ட போட்டியே இதன் களம். வெளிவந்தபோது பெரும் பாராட்டைப் பெற்ற இவ்விளையாட்டு, வெகுநாள் ஆகுமுன்னே ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டது. பிரித்தானியத் தரப்பில் ஆடுபவர் ஒரு குறிப்பிட்ட வழியைப் பிசகாமல் பின்பற்றினால், பிரெஞ்சுத் தரப்பால் அதைத் தடுப்பது மிகக் கடினம் என்று ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தனர். அவர்கள் கண்டுபிடித்த வழி, ஏறத்தாழ 250 ஆண்டுகளுக்கு முன் பிரித்தானியப் படை உண்மையிலேயே சென்ற வழிதான்.

பெயர்

பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் 1759இல் வெளியிட்ட 'கான்டீட்' என்ற நூலில், கனடாவுக்காக இரு நாடுகள் அடித்துக்கொள்வதைக் கேலி செய்யும் ஓர் இடம் வருகிறது. விளையாட்டின் பெயர் அங்கிருந்து எடுக்கப்பட்டது. அதே 1759இல்தான் பிரெஞ்சுக் கனடாவின் தலைநகரான கியூபெக் வீழ்ந்தது.

பின்னணி

அமெரிக்காவில் இந்தப் போர் 'பிரெஞ்சு இந்தியப் போர்' எனப்படுகிறது. இங்கு 'இந்தியர்' என்பது அமெரிக்கப் பூர்வகுடிகளைக் குறிக்கும். ஐரோப்பாவில் 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரின் அமெரிக்க முகம் இது. அதே போரின் தென்னிந்திய முகத்தை நம் பாடநூல்கள் மூன்றாம் கர்நாடகப் போர் என்ற பெயரில் கற்பிக்கின்றன. வந்தவாசிப் போரைப் (1760) படித்தவர்களுக்கு லூயிஸ்பர்க் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அந்த ஊருக்கும் சென்னைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு.

லூயிஸ்பர்க் என்பது அட்லாண்டிக் கரையில், செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்குச் செல்லும் கடல்வழியைக் காக்க பிரெஞ்சுக்காரர் கட்டிய கோட்டை நகரம். முந்தைய போரின்போது, 1745இல், நியூ இங்கிலாந்துக் குடியேறிகளின் படை அதைப் பிடித்தது. மறு ஆண்டு செப்டம்பரில் லபூர்தொனே தலைமையிலான பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. 1748ஆம் ஆண்டு ஏ-லா-சப்பேல் உடன்படிக்கையில் லூயிஸ்பர்க் பிரான்சுக்கும் சென்னை பிரித்தானியருக்கும் திரும்பின. சென்னைக்கு ஈடாகத் தாங்கள் இரத்தம் சிந்திப் பிடித்த கோட்டை போய்விட்டதே என்று நியூ இங்கிலாந்து மக்கள் கொதித்தனர். லூயிஸ்பர்க்குக்கு எதிர்நிலையாக, பிரித்தானியர் 1749இல் நோவா ஸ்கோஷியாவின் கரையில் ஒரு புதிய கடற்படைத் தளத்தை நிறுவினர். அதுதான் ஹாலிஃபாக்ஸ். விளையாட்டை ஆட்டிப்படைத்த உத்திக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'ஹாலிஃபாக்ஸ் சம்மட்டி'.

போர் தொடங்கியது உள்நாட்டுக் காட்டில். 1754 மே மாதம், ஒகாயோ ஆற்றுப் பகுதியில் 22 வயதான ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையிலான வர்ஜீனியப் படை ஒரு சிறு பிரெஞ்சுக் குழுவைத் தாக்கியது. ஜூலையில் அவரே பிரெஞ்சுக்காரரிடம் சரணடைய நேர்ந்தது. அடுத்த ஆண்டு, தளபதி பிராடக் தலைமையில் டுகேன் கோட்டையை நோக்கிச் சென்ற பிரித்தானியப் படை மொனாங்கஹேலா ஆற்றருகே சிதறியது. பிராடக்கும் காயத்தால் இறந்தார். 1756இல் ஓஸ்வேகோ கோட்டையும் 1757இல் வில்லியம் ஹென்றி கோட்டையும் பிரெஞ்சுத் தளபதி மோன்கால்மிடம் விழுந்தன. 1758 ஜூலையில் கரியோன் என்ற இடத்தில் அவர் ஏறத்தாழ 3,600 பேரைக் கொண்டு, நான்கு மடங்குக்கும் மேற்பட்ட படையைத் தடுத்து நிறுத்தினார்.

இத்தனை வெற்றிகளைப் பெற்ற தரப்பு ஏன் தோற்றது என்பதே இந்தப் போரின் மையக் கேள்வி. எண்ணிக்கை ஒரு விடை. பிரித்தானியக் குடியேற்றங்களில் 15 இலட்சம் பேருக்கு மேல் இருந்தனர். செயின்ட் லாரன்ஸ் முதல் மிசிசிப்பி வரை உரிமை கொண்டாடிய புதிய பிரான்சின் கனடாவில் 70,000 பேர் இருந்தாலே அதிகம். இன்னொரு விடை கடல்.

ஆடும் முறை

வாலஸ் இந்த வேறுபாட்டைச் சிப்பாய்ப் பொம்மைகளால் காட்டவில்லை, சீட்டுக்கட்டால் காட்டினார். டொனால்ட் எக்ஸ். வக்காரினோ உருவாக்கிய 'டொமினியன்' (2008) என்ற விளையாட்டு, ஆட்டக்காரர் தம் சீட்டுக்கட்டை ஆட்டத்தின் ஊடே தாமே கட்டியெழுப்பும் முறையைப் பரவலாக்கியது. அந்த முறையை ஒரு வரைபடத்தோடு இணைத்ததே வாலஸின் புதுமை.

ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனிக் கட்டு உண்டு. கையில் ஐந்து சீட்டுகள், ஒரு முறைக்கு இரண்டு செயல்கள். ஓர் ஊரில் குடியேறினால் அந்த ஊரின் சீட்டு கட்டில் சேரும். போர்வீரர், பீரங்கி, வணிகர் போன்ற சீட்டுகளையும் தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே சீட்டில் படகு, வண்டி, பணம், தோல் வணிகம் எனப் பல குறிகள் இருக்கலாம். ஆனால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டுமே பயன்படுத்த முடியும். படகாகப் பயன்படுத்தினால் அதன் பணம் போயிற்று.

இதன் விளைவு விசித்திரமானது. நிலம் சேரச் சேரக் கட்டு தடிக்கிறது. தடித்த கட்டில் வேண்டிய சீட்டு வேண்டிய நேரத்தில் கைக்கு வராது. பீரங்கி வந்தால் கப்பல் வராது. கப்பல் வரும்போது பீரங்கி கழிவுக் குவியலில் கிடக்கும். பல நூறு மைல் காட்டைத் தாண்டி ஆணை போய்ச் சேர்ந்து, படகு கிடைத்து, பனி உருகி, படை புறப்படுவதற்குள் பருவமே மாறிவிடும் அன்றைய நிலையை, விதிப்புத்தகத்தில் ஒரு பக்கம் கூடச் செலவிடாமல் இந்த முறை உணர்த்திவிடுகிறது. முற்றுகை விதியும் அதே நோக்கத்தில் அமைந்தது. முற்றுகையில் இறக்கிய சீட்டுகள் அது முடியும்வரை அங்கேயே கட்டுண்டு கிடக்கும்.

இரு தரப்பின் கட்டுகளும் ஒன்றல்ல. பிரெஞ்சுத் தரப்புக்குத் தோல் வணிகமும் திடீர்த் தாக்குதல்களும் பலம். பிரித்தானியத் தரப்புக்குக் கடல் வணிகமும் படையை வாங்கப் பணமும் பலம். கியூபெக்கைப் பிடித்தால் பிரித்தானியருக்கு உடனடி வெற்றி. பாஸ்டன் அல்லது நியூயார்க் விழுந்தால் பிரெஞ்சுக்காரருக்கு வெற்றி. இரண்டும் நடக்காவிட்டால் குடியேற்றங்களின் புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பர்.

ஹாலிஃபாக்ஸ் சம்மட்டி

ஆளுநர் என்றொரு சீட்டு இருக்கிறது. அதைக் கொண்டு வேண்டாத சீட்டுகளைக் கட்டிலிருந்தே நீக்கலாம். சம்மட்டி உத்தியின் உயிர் இதில் இருக்கிறது. பிரித்தானிய ஆட்டக்காரர் புதிய ஊர்களைத் தேடிப் போகாமல் கட்டை மெலிதாக வைத்துக்கொள்கிறார். ஹாலிஃபாக்ஸைப் பிடித்து, மீதிப் பணத்தையெல்லாம் படைக்குக் கொட்டி, லூயிஸ்பர்க்கை முற்றுகையிடுகிறார். அது விழுந்ததும் கியூபெக். மெலிந்த கட்டில் படைச் சீட்டுகள் திரும்பத் திரும்பக் கைக்கு வருவதால், பிரெஞ்சுத் தரப்புக்கு மூச்சுவிட நேரம் கிடைப்பதில்லை.

வரலாற்றிலும் பாதை இதுதான். 1757இல் போர்ப் பொறுப்பை ஏற்ற வில்லியம் பிட் பணத்தையும் கடற்படையையும் அமெரிக்காவின் பக்கம் திருப்பினார். 1758இல் ஆம்ஹெர்ஸ்ட்டின் படையும் பொஸ்காவெனின் கப்பல்களும் ஹாலிஃபாக்ஸிலிருந்து கிளம்பி, ஜூலை 26 அன்று லூயிஸ்பர்க்கை எடுத்தன. மறு ஆண்டு வுல்ஃப் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஏறிச் சென்று, செப்டம்பர் 13 அன்று கியூபெக்குக்கு வெளியே மோன்கால்மை வென்றார். வுல்ஃப் களத்திலேயே இறந்தார். மோன்கால்ம் மறுநாள் காலை இறந்தார். 1760 ஏப்ரலில் பிரெஞ்சுப் படை சேன்ட்-ஃபுவா போரில் வென்று கியூபெக்கை மீண்டும் முற்றுகையிட்டது. ஆனால் மே மாதம் பனி உருகியதும் ஆற்றில் முதலில் வந்து சேர்ந்தவை பிரித்தானியக் கப்பல்கள். முற்றுகை கலைந்தது. செப்டம்பரில் மொன்ட்ரியால் சரணடைந்தது.

அப்படியானால் விளையாட்டின் குறை உண்மையில் வரலாற்றின் வெற்றி என்று சொல்லிவிடலாமா? சில ஆட்டக்காரர்கள் அப்படித்தான் வாதிட்டனர். அந்த வாதம் பாதிதான் சரி. வழி சரி, காரணம் தவறு. சம்மட்டி உத்தி வெல்வது குடியேற்றங்களைக் கைவிடுவதால். உண்மையான பிரித்தானியா வென்றதில் குடியேற்றங்களின் பங்கு பெரியது. அந்த 15 இலட்சம் பேர்தாம் ஆயிரக்கணக்கில் மாகாணப் படைகளைத் தந்தனர், தானியம் விளைவித்தனர், படகு கட்டினர். செலவைத் திருப்பித் தருவதாகப் பிட் வாக்களித்த பிறகு மாகாண அவைகள் தாராளமாகவே ஒத்துழைத்தன. நிலம் சேர்ந்தால் பாரம் என்ற விதி, ஆட்கள் குறைவாகவும் எல்லை நீளமாகவும் இருந்த புதிய பிரான்சுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா போன்ற செழித்த ஊர்களுக்கு அது பொருந்தவில்லை. ஒரே விதியை இரு தரப்புக்கும் பொதுவாக வைத்ததில்தான் பிழை நுழைந்தது.

வாலஸ் சிக்கலை ஒப்புக்கொண்டு விதிகளில் திருத்தம் செய்தார். உத்தியின் கூர்மை மழுங்கியதா, முற்றிலும் ஒழிந்ததா என்பதில் ஆட்டக்காரர்கள் ஒத்துப்போகவில்லை.

சீட்டில் அடங்காதவை

இதைவிடப் பெரிய குறை வேறு. பூர்வகுடிகள் இந்த விளையாட்டில் சீட்டுகளாகவே வருகின்றனர். அவர்களைக் கட்டில் சேர்க்கலாம், தாக்குதலுக்கு அனுப்பலாம், பாதிரியார் சீட்டைக் காட்டி எதிராளியின் கையிலிருந்து பறிக்கவும் செய்யலாம். தாமே முடிவெடுக்கும் ஒரு தரப்பாக அவர்கள் இல்லை. உண்மையில் இரோகுவா கூட்டமைப்பு இரு பேரரசுகளுக்கும் இடையே பல பத்தாண்டுகள் சமநிலை காத்துத் தன் அரசியலை நடத்தியது. 1758 அக்டோபரில் ஈஸ்டன் உடன்படிக்கையின்படி ஒகாயோப் பகுதி மக்கள் பிரெஞ்சுக்காரரை விட்டு விலகினர். அடுத்த மாதமே பிரெஞ்சுப் படை டுகேன் கோட்டையைத் தகர்த்துவிட்டு வெளியேறியது. பேச்சுவார்த்தையில் விழுந்த இந்தக் கோட்டையைப் பலகையில் முற்றுகையிட்டோ திடீர்த் தாக்குதல் நடத்தியோதான் எடுக்க முடியும். 1755 முதல் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் நாடு கடத்தப்பட்ட அக்காடியர்களும் பலகையில் இல்லை. ஹாலிஃபாக்ஸ் ஆட்சியாளர் எடுத்த முடிவு அது.

இதே போரைப் பற்றி வோல்கோ ருன்கே வடிவமைத்த 'வில்டர்னஸ் வார்' (2001) என்ற இருவர் விளையாட்டு, தளபதிகளையும் பருவங்களையும் மாகாண அவைகளின் பிடிவாதத்தையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. போரின் நிகழ்ச்சிகளை அறிய விரும்பும் மாணவருக்கு அது அதிகம் தரும். ஆனால் வாலஸின் விளையாட்டைப் போல் எளிதில் கற்கக்கூடியது அல்ல.

பின்னர்

1763 பிப்ரவரி 10 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் கனடாவை விட்டுக்கொடுத்தது. சர்க்கரை விளையும் குவாதலூப், மார்டினிக் தீவுகளை மீட்டுக்கொண்டது. புதுச்சேரியும் அதனிடம் திரும்பியது. ஆனால் 1761இல் அந்நகரம் சரணடைந்தபோதே பிரித்தானியர் அதன் கோட்டையை இடித்துத் தள்ளியிருந்தனர். லூயிஸ்பர்க்கின் மதில்களை அதற்கு முந்தைய ஆண்டே வெடிவைத்துத் தகர்த்தனர். கனடிய அரசு 1960களில் தொடங்கி அந்நகரின் ஒரு பகுதியை மீண்டும் கட்டியெழுப்பி, வரலாற்றுத் தலமாகப் பேணி வருகிறது.

வாலஸ் அதே சீட்டுக்கட்டு முறையை மேலும் இரண்டு விளையாட்டுகளில் பயன்படுத்தினார். 'மித்தோடோபியா' கற்பனை நாடு ஒன்றில் நடக்கிறது, 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ்' விண்வெளியில். இரண்டையும் நால்வர் வரை ஆடலாம்.