ஆஸ்திரேலியக் குழந்தையும் வெயிலும்

கைக்குழந்தையை வெயிலில் காட்டலாமா என்ற கேள்விக்கு ஆஸ்திரேலிய மருத்துவம் ஒரே நூற்றாண்டுக்குள் இரண்டு நேரெதிர் விடைகளைச் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் பின்னால் ஒரு நோய் இருந்தது.

முதல் நோய் ரிக்கெட்ஸ். புகை மண்டிய ஐரோப்பியத் தொழில் நகரங்களில் எலும்பு மென்மையாகிக் கால் வளைந்த குழந்தைகள் ஏராளம். 1919இல் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி, புற ஊதா விளக்கொளியில் அவர்களின் எலும்பு தேறுவதை எக்ஸ்ரே படங்களால் காட்டினார். விளக்கு கூட வேண்டாம், வெயிலே போதும் என்று 1921இல் நியூயார்க்கில் ஆல்ஃபிரட் ஹெஸ் நிறுவினார். வெயில் பட்டால் ரிக்கெட்ஸைத் தடுக்கும் வைட்டமின் டி தோலிலேயே உருவாகிறது என்பது அதன்பின் தெளிவானது. நியூசிலாந்தில் மருத்துவர் ட்ரூபி கிங் 1907இல் தொடங்கிய பிளங்கெட் குழந்தைநலச் சங்கத்தின் வழியில் வந்த செவிலியர்கள், ஆஸ்திரேலியத் தாய்மாருக்கும் காற்றோட்டத்தையும் வெயிலையும் பரிந்துரைத்தார்கள். துணியை அவிழ்த்துவிட்டுக் குழந்தையைச் சிறிது நேரம் வெயிலில் காலுதைத்து விளையாட விடுவது நல்ல வளர்ப்பின் அடையாளமாயிற்று. அந்தச் செவிலியர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது நியாயமல்ல. வளைந்த கால்களைக் கண்ணெதிரே கண்டவர்கள் அவர்கள்.

ஆனால் அறிவுரை பிறந்த இடமும் அது போய்ச் சேர்ந்த இடமும் வேறு. மேகம் சூழ்ந்த பிரிட்டிஷ் தீவுகளுக்கு ஏற்ற வெளிர்தோல் மக்கள் குடியேறிய நாடு ஆஸ்திரேலியா. தென்கோளக் கோடையில் பூமி சூரியனுக்குச் சற்று நெருங்கியும் இருக்கிறது, காற்றும் தெளிவானது. விளைவு, உலகிலேயே தோல் புற்றுநோய் மிகுந்த நாடுகளுள் ஒன்றானது அது. மேற்கு ஆஸ்திரேலியாவில் நடந்து 1984இல் வெளியான ஆய்வு முக்கியமானது. 10 வயதுக்குள் அங்கு குடியேறியவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அங்கேயே பிறந்தவர்களுக்கு உள்ள அளவுக்கு இருந்தது. அதற்குப் பின் வந்தவர்களுக்கு வெகுவாகக் குறைந்தது. ஆபத்து இளம்பிராயத்திலேயே விதைக்கப்படுகிறது என்ற எண்ணம் இதனால் வலுப்பெற்றது.

வெயில் காப்புப் பூச்சான சன்ஸ்கிரீன் அதற்கு முன்பே இருந்தது. 1930களில் தென் ஆஸ்திரேலியாவில் மில்டன் பிளேக் ஒரு களிம்பு தயாரித்தார். ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கிரைட்டர் மலையேறும்போது வெயிலில் வெந்துபோன அனுபவத்திலிருந்து 1946இல் ஒரு க்ரீமை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆனால் நெடுங்காலம் இவை விற்றது, எரிச்சலின்றித் தோலைப் பழுப்பாக்கிக்கொள்ள விரும்பிய பெரியவர்களுக்குத்தான்.

திருப்பம் 1981இல் வந்தது. விக்டோரிய மாநிலப் புற்றுநோய் எதிர்ப்புக் கவுன்சில் ஒரு கார்ட்டூன் விளம்பரத்தை வெளியிட்டது. சிட் என்ற கடல்காகம் ஆடிப் பாடிக்கொண்டே சட்டையை மாட்டு, சன்ஸ்கிரீனைப் பூசு, தொப்பியைக் கவிழ் என்று சொல்லும். 'ஸ்லிப், ஸ்லொப், ஸ்லாப்' என்ற அந்தப் பாட்டு நாடு முழுக்கக் குழந்தைகளின் வாயில் ஏறியது. 1988இல் சன்ஸ்மார்ட் என்ற வெயில் காப்புத் திட்டம் தொடங்கியது. தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை என்ற விதி பள்ளிகளுக்கும் குழந்தைக் காப்பகங்களுக்கும் பரவியது. காதும் பிடரியும் வெளியே தெரியும் கிரிக்கெட் தொப்பி இதில் செல்லாது. அகன்ற விளிம்போ, பின்னால் பிடரியை மூடித் தொங்கும் துணியோ வேண்டும். 1996இல் துணி எவ்வளவு புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது என்பதை அளக்கும் தரநிலையை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வகுத்தன. நெசவு தளர்ந்த துணியும், நனைந்த மெல்லிய பருத்தியும் நம்புமளவுக்குக் காப்பதில்லை என்பது தாய்மாருக்குப் பயன்பட்ட செய்தி.

வெயிலை அறவே விலக்குவதற்கும் விலை உண்டு. 2000க்குப் பின் சிட்னி மருத்துவமனைகளில் ரிக்கெட்ஸ் மீண்டும் தலைகாட்டியது, பெரும்பாலும் தெற்காசியா, ஆப்பிரிக்கா, மத்தியக் கிழக்கிலிருந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளிடம். கருத்த தோல் வைட்டமின் டி உருவாக்க அதிக வெயில் கேட்கும். இத்தகைய குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 400 யூனிட் வைட்டமின் டி சொட்டு மருந்தாகத் தரப் பரிந்துரை வந்தது.

பூச்சு விஷயத்தில் கைக்குழந்தைக்குத் தனி விதி நிலைத்தது. அதன் தோல் மெல்லியது. எடையை ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். பூசியது உள்ளே இறங்க வாய்ப்பும் அதிகம். 2019இல் அமெரிக்காவில் 24 பெரியவர்களிடம் நடந்த சோதனையில், சன்ஸ்கிரீனிலுள்ள சில வேதிப்பொருட்கள் இரத்தத்தில் கலப்பது தெரிந்தது. அது தீங்கென்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆயினும் குழந்தைகளுக்கு ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டைஆக்சைடு கலந்த பூச்சே மேல் என்ற கருத்து பரவியது. கிரிக்கெட் வீரர்கள் மூக்கில் வெள்ளையாக அப்பிக்கொள்வதும் இந்த ஜிங்க்தான்.

இன்றைய ஆஸ்திரேலிய அறிவுரைப்படி, புற ஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் இருக்கும்போது ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை நேர் வெயிலில் வைக்கக்கூடாது. நிழல், உடலை மூடும் தளர்ந்த உடை, தொப்பி ஆகியவையே முதல் காப்பு. ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீனைப் பரவலாகப் பூசுவதில்லை. வேறு வழியில்லாதபோது முகம், புறங்கை போன்ற சிறு இடங்களுக்கு மட்டும். அதையும் முதலில் குழந்தையின் தோலில் சிறிதளவு தடவி, சிவந்து தடிக்கிறதா என்று பார்த்துவிட்டே பூசவேண்டும்.