சுண்டுக் கணக்கும் கிலோக் கணக்கும்

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. மன்னார்த் தீவுச் சனங்கள் படகேறி வந்து கற்பிட்டியில் இறங்கினார்கள். பிறகு பல வருடம் அவர்களின் அடுப்பு எரிந்தது உலர் உணவு நிவாரணத்தில். நிவாரணம் கிலோவில் வந்தது. வீட்டில் அளந்தது சுண்டால். வன்னி முகாம்களில் இருந்தவர்களுக்கும் இது புதிதல்ல.

கற்பிட்டிப் பக்கம் செய்தி சேகரிக்கப் போனால், வயதான உம்மாமார் அந்தக் காலத்துக் கணக்கை இன்னும் சுண்டில்தான் சொல்கிறார்கள். 'நாலு சுண்டு ஒரு கிலோ' என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அது எவ்வளவு தூரம் சரி என்று என் வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்.

சுண்டு என்று நாம் எடுப்பது பழைய ரின்பால் பேணி. அதில் 397 கிராம் என்று போட்டிருக்கும். அது பாலின் நிறை. பால் தண்ணீரைவிடப் பாரம், ஆகவே பேணி கொள்வது ஏறத்தாழ 300 மில்லிலீற்றர்தான். தலைதட்டி அளந்தால் அரிசி 240 கிராம் வரும், பருப்பும் அவ்வளவுதான், சீனி 250. அரிசியைக் கும்பமாய் அளந்தால்தான் நாலு சுண்டு ஒரு கிலோவைத் தொடும். கூப்பன் காலத்தில் நாலு சுண்டு ஒரு கொத்து, ஒரு கொத்து அரிசி இரண்டு இறாத்தல், அதாவது 907 கிராம். கொத்து இருந்த இடத்தில் கிலோ வந்து உட்கார்ந்தபோது கணக்கை யாரும் மாற்றவில்லை என்றே நினைக்கிறேன்.

ஐந்து கிலோ அரிசிக்கு 20 சுண்டு தலைதட்டி அளந்து தந்தால் 200 கிராம் குறையும். சின்னக் குடும்பத்துக்கு அது ஒரு நேரச் சோறு.

கோதுமை மாவில்தான் பெரிய அடி விழும். அமர்த்தாமல் அள்ளினால் ஒரு சுண்டு மா 160 கிராம்தான். அதே 20 சுண்டுக் கணக்கில் ஐந்து கிலோ மா வாங்கியவருக்கு உண்மையில் கிடைத்தது 3.2 கிலோ. சரியாக வேண்டுமென்றால் 31 சுண்டு போடவேண்டும். பேணியைத் தட்டித் தட்டி நிரப்பினால் மா இறுகி நிறை கூடும். அதனால் மாவை அளந்து வாங்கவே கூடாது, நிறுத்துத்தான் வாங்கவேண்டும்.

தேங்காய் எண்ணெய் தண்ணீரைவிட இலேசு. 750 மில்லிலீற்றர் போத்தலில் 690 கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ எண்ணெய் என்றால் கிட்டத்தட்ட ஒன்றரைப் போத்தல். கடையில் ஒன்று போத்தல் விலையும் மற்றது கிலோ விலையும் என்றால் இதை வைத்துத்தான் ஒப்பிடவேண்டும்.

புத்தளம் உப்பளத்து ஊரில் உப்பைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. தூள் உப்பு தலைதட்டின தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 6 கிராம். கல்லுப்புக்கு இடையில் காற்று நிற்பதால் அதே கரண்டியில் நிறை குறைவு. கல்லுப்புக்குப் பழகிய கை தூள் உப்பை அதே அளவு போட்டால் கறி கரிக்கும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு.

இப்போது வரும் பேணிகள் எல்லாம் ஒரே அளவில்லை. உங்கள் பேணி எவ்வளவு கொள்ளும் என்று பார்க்கத் தராசு தேவையில்லை. பேணி நிறையத் தண்ணீர் எடுத்து, அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றி, எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பாருங்கள். மில்லிலீற்றர் தெரிந்தால் அரிசிக்கும் பருப்புக்கும் 0.8 ஆல் பெருக்குங்கள், சீனிக்கு 0.85, மாவுக்கு 0.53, தூள் உப்புக்கு 1.2, எண்ணெய்க்கு 0.92. வருவது கிராம். பேணியின் வெளியே பெயின்றால் எழுதி வைத்தால் வீட்டில் யார் அளந்தாலும் ஒரே கணக்கு.