விலக்கின் எல்லை: 2025 குறிப்பாணையும் நெய்வேலியின் சாட்சியமும்

மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணையை வெறும் நடைமுறைச் சுருக்கமாகக் கொள்ளும் வாசிப்பு ஒன்று உண்டு. அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களில் பொதுமக்கள் கருத்துக் கேட்பு மட்டுமே விலக்கப்பட்டது. தாக்க மதிப்பீடும் நிபுணர் குழுவின் பரிசீலனையும் அப்படியே உள்ளன. ஆகவே இழப்பு சிறிது என்பது அதன் சாரம். குறிப்பாணையைச் சொல் சொல்லாகப் படித்தால் இந்த முடிவு நிற்காது.

குறிப்பாணை சார்ந்து நிற்பது 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் ஒரு விதிவிலக்கை. தேசப் பாதுகாப்பு, அல்லது மத்திய அரசு முடிவு செய்யும் பிற கேந்திரக் காரணங்கள் இருந்தால் கருத்துக் கேட்பு வேண்டியதில்லை என்கிறது அது. அதற்குச் சான்றாகக் காட்டப்படுபவை பாதுகாப்புத் துறையும் அணுசக்தித் துறையும் வைத்த கோரிக்கைகள். ரேடாருக்கு அருமண் தனிமங்கள் வேண்டும், அணு உலைக்குத் தோரியம் வேண்டும். இந்தக் காரணங்களை நான் மறுக்கவில்லை. ஆனால் விலக்குப் பெறும் பட்டியலைப் பாருங்கள். சுரங்கச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2023இல் சேர்க்கப்பட்ட ‘ஈ’ பகுதி முழுவதும் உள்ளே வருகிறது. சேர்க்கப்பட்டபோது அதில் 24 கனிமங்கள். மின்கலத்துக்கான லித்தியம், கோபால்ட், கிராஃபைட். சூரியத் தகட்டுக்கான டெல்லூரியம். உரத்துக்கான பொட்டாஷும் பாஸ்பேட்டும்கூட. பொட்டாஷ் எந்த ஏவுகணைக்கு? காரணம் குறுகியது, பட்டியல் அகன்றது. ஆணையின் உள்நோக்கத்தை அதன் சொற்களிலிருந்து மட்டும் முழுதாக நிறுவ முடியாதுதான். என்றாலும், பசுமை ஆற்றலுக்கான சுரங்கம் ராணுவத்தின் பெயரால் மக்கள் கேள்விக்கு அப்பால் கொண்டுபோகப்பட்டிருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் எனக்குப் புலப்படவில்லை.

சீனா 2025 ஏப்ரலில் அருமண் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதைச் சுட்டி, அவசரம் உண்மையானது என்பார்கள். உண்மைதான். ஆனால் அவசரம் பட்டியலின் அகலத்துக்கு விளக்கமாகாது.

கருத்துக் கேட்பு போனால் இழப்பு சிறிதா என்பதற்கு, பழுப்பு நிலக்கரி இந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், அதைத் தோண்டும் கடலூர் மாவட்டமே பதில் சொல்லும். திருவந்திபுரத்தை ஒட்டிய கேப்பர் மலையில் செம்மண்ணாய் வெளித்தெரியும் கடலூர் மணற்கல் படிவம், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தன்னுள் வைத்திருக்கிறது. நிலக்கரி அடுக்குக்குக் கீழே அழுத்த நீர் நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் அடித்தளம் நிலைக்கும். குத்தகை எல்லை வரைபடத்தில் முடிந்துவிடும். நீர்மட்டச் சரிவு முடியாது. எல்லைக்கு வெளியே கிணறு வைத்திருப்பவர் திட்ட ஆவணத்தில் நிலம் இழந்தவராக வரமாட்டார். அவர் எழுந்து பேச இருக்கும் இடம் கருத்துக் கேட்புக் கூட்டம்.

வளையமாதேவியில் 2023 ஜூலை 26 அன்று, நெய்வேலிச் சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய் வெட்ட, நின்றிருந்த நெற்பயிருக்குள் பொக்லைன்கள் இறங்கின. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது சுரங்க நிறுவனம். ஆவணப்படி அது சரி. ஆனால் வயலில் பயிர் இருந்தது. ஆவணம் காணாததை நிபுணர் குழுவும் தில்லியில் உட்கார்ந்து காணாது. ‘ஈ’ பகுதிக் கனிமங்களுக்கு இனி அந்தக் குழுவின் பார்வை மட்டுமே; குத்தகைப் பரப்பு எவ்வளவானாலும் பரிசீலனை மத்திய அளவில்தான் என்கிறது குறிப்பாணை.

மதுரை மாவட்டம் நாயக்கர்பட்டியின் டங்ஸ்டன் சுரங்க ஏலம் மக்கள் எதிர்ப்பால் 2025 ஜனவரியில் ரத்தானதே, கூட்டம் இல்லாமலும் குரல் எடுபடுமே என்று கேட்கலாம். அதற்கு, அந்தச் சுரங்கப் பரப்புக்குள் வந்த அரிட்டாபட்டி பல்லுயிர் மரபுத் தலமாக ஏற்கெனவே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டியிருந்தது. சட்டமன்றத் தீர்மானமும் தேவைப்பட்டது. எல்லா ஊருக்கும் அது வாய்க்காது.

கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் உள்ளிட்ட கடற்கரை மணல் கனிமங்களை எடுக்கும் திட்டத்துக்கு 2024 அக்டோபர் 1 அன்று நடக்கவிருந்த கருத்துக் கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. மோனசைட் அணுக் கனிமம். குறிப்பாணையின்படி அந்தக் கூட்டம் இனி நடக்க வேண்டிய கட்டாயமே இல்லை. காற்றாலைக் காந்தத்துக்கான நியோடிமியம் அதே மணலில்தான் இருக்கிறது. அதைத் தோண்டும் கரையில் வாழ்பவர்கள் மீனவர்கள். ‘ஈ’ பகுதி இந்த விலக்கிலிருந்து நீக்கப்பட வேண்டும். கிள்ளியூர்க் கூட்டம், மீனவர்கள் வந்துசேரக்கூடிய இடத்தில், நடத்தப்பட வேண்டும்.