காதறுந்த ஹோய்ச்சி - ஒரு போர் பேய்க்கதை ஆன கதை

பேய்க்கதை எழுத ஒரு வெள்ளைப் புடவையும் கொலுசுச் சத்தமும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அதெல்லாம் பத்து நிமிடப் பயம்... நூறு வருடம் நிற்கிற பயத்துக்கு வரலாற்றில் நிஜமாகவே யாராவது செத்திருக்க வேண்டும் போலிருக்கிறது!

1185 ஏப்ரல். ஜப்பானில் சிமோனோசெகி அருகே டான் நோ உரா என்ற கடற்பகுதி. டைரா, மினமோட்டோ என்ற இரு குலங்களுக்கு இடையே நடந்த நீண்ட சண்டை அங்கேதான் முடிந்தது. தோற்றவர்கள் டைரா. இனி வழியில்லை என்று தெரிந்ததும், ஆறே வயதான குட்டிப் பேரரசர் அன்டோகுவைத் தூக்கிக்கொண்டு அவருடைய பாட்டி கடலில் குதித்துவிட்டார். பின்னாலேயே பலர் குதித்தார்கள்.

இந்தக் கதையைக் கண் தெரியாத பாடகர்கள் 'பிவா' என்ற நரம்புக் கருவியை மீட்டி ஊர் ஊராகப் பாடிப் பரப்பினார்கள். அந்தக் கடலில் கிடைக்கும் நண்டுகளின் ஓட்டில் கோபமான மனித முகம் தெரியும். செத்த வீரர்கள்தான் நண்டாகப் பிறந்திருக்கிறார்கள் என்றது ஊர். (ஓட்டுக்கு உள்ளே தசை ஒட்டியிருக்கும் பள்ளங்கள்தான் அப்படித் தெரிகின்றன. முகம் உள்ள நண்டுகளை மீனவர்கள் திரும்பக் கடலில் விட்டதால் அவை பெருகின என்று கார்ல் சாகன் 1980-இல் 'காஸ்மாஸ்' தொடரில் சொன்னார். கேட்க அழகாக இருந்தாலும், அந்தச் சின்ன நண்டை யாரும் உணவுக்குப் பிடிப்பதில்லை என்று பிறகு மறுத்துவிட்டார்கள்.)

இனி கதை. ஹோய்ச்சி கண் தெரியாத பிவா கலைஞன், கோயிலில் தங்கியிருப்பவன். ஒரு இரவு ஒரு வீரன் வந்து, பெரிய பிரபு ஒருவர் டான் நோ உரா போரைக் கேட்க விரும்புகிறார் என்று அழைத்துப் போகிறான். ஹோய்ச்சி பாடப் பாட, குழந்தை கடலில் மூழ்கும் இடத்தில் சபையே கதறி அழுகிறது. அவன் உட்கார்ந்து பாடியது மாளிகையில் அல்ல, அன்டோகுவின் கல்லறைக்கு முன்னால்! பேய்கள் பழிவாங்க வரவில்லை பாருங்கள். தங்கள் தோல்வியை யாராவது பாடிக் கேட்க வந்திருக்கின்றன. கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அவனைக் காப்பாற்ற உடம்பு முழுக்கப் புத்த சூத்திரம் எழுதுகிறார்கள். காதுகளை மட்டும் உதவியாளன் விட்டுவிட்டான். குருவும் சரிபார்க்கவில்லை (ஆடிட்டிங் படிப்பவர்கள் கவனிக்க!). பேயின் கண்ணுக்குத் தெரிந்தவை அந்த இரண்டு காதுகள்தான், பிய்த்துக்கொண்டு போய்விட்டது.

இதை உலகத்துக்குக் கொடுத்தவர் லாஃப்காடியோ ஹெர்ன். 1850-இல் கிரேக்கத் தீவு ஒன்றில் பிறந்தவர், 1890-இல் ஜப்பான் வந்தார். சிறு வயதில் பள்ளி விளையாட்டில் இடது கண் போனது, மற்றதிலும் பார்வை மங்கல்தான். ஜப்பானிய நூல்களைத் தானாகப் படிக்கும் அளவுக்கு மொழி தெரியாது. மனைவி செட்சுதான் பழைய புத்தகங்களைத் தேடிப் படித்துவிட்டுக் கதை சொன்னார். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது, சொந்த வார்த்தையில்தான் சொல்ல வேண்டும் என்பது ஹெர்னின் கண்டிப்பு. ஹோய்ச்சி கதையில் வீரன் கதவைத் திறக்கச் சொல்லும் ஒரே ஒரு சொல், சாமுராய் வாயில் வருவது போல மிடுக்காக இல்லையே என்று தேடித் தேடி மாற்றினாராம்.

1904-இல் 'க்வைதான்' தொகுப்பில் அது முதல் கதையாக வந்தது. அதே வருடம் செப்டம்பரில் ஹெர்ன் இறந்துபோனார். கோபயாஷி 1964-இல் படமாகவும் எடுத்தார், பார்க்காதவர்கள் பாருங்கள்.

அந்தக் கதையை எழுதிய நாட்களைப் பற்றிச் செட்சு தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார். இருட்டிய பிறகும் ஹெர்ன் விளக்கு ஏற்றவில்லை. பக்கத்து அறையிலிருந்து அவர் மெல்ல, "ஹோய்ச்சி, ஹோய்ச்சி" என்று கூப்பிட்டுப் பார்த்தார். இருட்டுக்குள்ளிருந்து பதில் வந்தது, தனக்குக் கண் தெரியாது, கூப்பிடுவது யார் என்று.